பதினேழாவது கோடு

ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு சைக்கிளில் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிதுங்கி, ஆலங்குளம் பொட்டலில் வந்து இறங்கும் காலம் அது. அந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை.

நாங்கள் ஐந்து பேர். ஒரே அலுவலகம், ஒரே டீம். சைக்கிள்களை ரயிலின் லக்கேஜ் வேனில் ஏற்றி, திருநெல்வேலியில் இறங்கி, விடியற்காலை ஐந்து மணிக்கு மிதிக்க ஆரம்பித்தோம். போய்ச் சேர வேண்டிய இடம் இலஞ்சி. குற்றாலத்துக்குப் பக்கத்தில், சிற்றாற்றை ஒட்டிய ஊர். அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயில் அங்கே இருக்கிறது. இலஞ்சி என்றால் குளம் என்றும் பொருள், மகிழமரம் என்றும் பொருள். மொத்தம் அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று மணி நேரம் என்று எக்செல்லில் போட்டிருந்தேன். ஐந்தே கால் மணி நேரம் ஆனது.

எதிர்காற்றில் கும்பலாக ஓட்டும்போது ஒரு கணக்கு உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால் முறை வைத்து மாறி மாறி முன்னால் வர வேண்டும். நாங்கள் மாறவில்லை. பாவூர்சத்திரம் தாண்டும்வரை முன்னால் போனது ஒரே ஆள். அவனை டீமில் எல்லோரும் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே எடை. சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். "எனக்கு இந்தக் காத்து பழக்கம்ல, நீங்க பின்னால வாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தவன், அவ்வளவுதான். அவன் முதுகுக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேரும் வாத்துக் குஞ்சுகள் மாதிரி இலஞ்சி வந்து சேர்ந்தோம்.

மதியம் ஐந்தருவியில் குளித்தோம். குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு அதற்கப்புறம் வருகிற பசி தெரியும். அது வயிற்றில் தொடங்குவதில்லை, முழங்காலில் தொடங்கும். அறைக்கு வந்து ஈரத் துண்டைக் காயப்போடும்போது யாரோ சொன்னார்கள்: "மாப்ள, வெண்ணிலா கபடிகுழு சூரி மாதிரி ஒரு அம்பது பரோட்டா தள்ளுவியா?"

"அம்பதெல்லாம் சினிமால. நான் இருவது தள்ளுவேன். டைம் வை."

அரை மணி நேரம், இருபது பரோட்டா. ஜெயித்தால் அவனுடைய டிரிப் செலவு முழுக்க எங்களுடையது. தோற்றால் ராத்திரி சாப்பாட்டு பில் அவனுடையது. எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும். நான் பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

*

சைக்கிளும் பசியும் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளிகள். நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிற சர்க்கரை, அதாவது கிளைகோஜன், சுமார் அரைக் கிலோதான். அதிலிருந்து கிடைப்பது 2000 கலோரி அளவு. விடாமல் சில மணி நேரம் வேகமாக மிதித்தால் அது காலி. அப்போது கால் நிற்கும், தலை சுற்றும், காரணமில்லாமல் கோபம் வரும். சைக்கிள்காரர்கள் இதை 'பாங்க்' என்பார்கள். நம்மூர் வார்த்தை இன்னும் துல்லியம்: பசி மயக்கம்.

1903இல் டூர் டி பிரான்ஸ் தொடங்கியபோது வீரர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வண்டி உடைந்தாலும் தானேதான் சரிசெய்ய வேண்டும். 1913இல் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவரின் முன்ஃபோர்க் மலையில் உடைந்தது. பல கிலோமீட்டர் வண்டியைச் சுமந்து நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே அடித்து ஒட்டினார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்று அதற்கும் அபராத நேரம் போட்டார்கள். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் வீரர்கள் விதியை அவ்வளவாக மதிக்கவில்லை. வழியில் தெரிகிற கஃபேக்குள் கும்பலாகப் புகுந்து, கிடைத்த பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இது பல பத்தாண்டுகள் நடந்தது. பெரும்பாலும் டீமில் கடைநிலை வீரர்கள்தான் உள்ளே போவார்கள். தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவருவதும், அவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தடுப்பதும் அவர்கள் வேலை. அந்த ஆட்களுக்கு பிரெஞ்சில் இருக்கும் பெயருக்கு அர்த்தமே வேலைக்காரன் என்பதுதான்.

அன்று காலை எங்கள் டீமில் அந்த வேலையைச் செய்தது யார் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

*

இருட்டியபிறகு பிரானூருக்குப் போனோம். செங்கோட்டையை ஒட்டிய ஊர். சாலையோரம் மரக்கடைகளும் அறுவை மில்களும், அவற்றுக்கு நடுவில் பரோட்டாக் கடைகளும். 'பார்டர்' என்கிற சொல் இல்லாத போர்டைத் தேட வேண்டும். பார்டர் பரோட்டா, பார்டர் சிக்கன். அந்தப் பெயர் சென்னை வரைக்கும் போய்விட்டது. சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அருவிக்கு வருகிறார்களா பரோட்டாவுக்கு வருகிறார்களா என்பது சந்தேகம்.

டீமில் ஒருவன் சேலத்துக்காரன். இறங்கியதும் கேட்டான்: "பார்டர் பார்டர்னு போட்டிருக்கு, கேரளா எங்கடா?"

நியாயமான கேள்வி. கேரளா அங்கே இல்லை. இன்றைய மாநில எல்லை இன்னும் மேற்கே, புளியரையின் எஸ் வளைவில் ஏறி மலைக்குள் கோட்டைவாசலுக்குப் போனால்தான் வரும். பிரானூரில் இருப்பது இல்லாமல் போன ஒரு எல்லையின் பெயர்.

செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தென்காசியும் இலஞ்சியும் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி ஜில்லா. நடுவில் கோடு. மலை ஒரு இயற்கை எல்லையாக மேற்கே உட்கார்ந்திருக்க, அதைத் தாண்டிக் கிழக்கே இறங்கி வந்து, தமிழ் பேசும் வயல்காட்டில் ஒரு ராஜ்யம் முடிந்தது. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து ரயில் வந்தபோது, அது திருவிதாங்கூரின் முதல் ரயில்பாதை. 1949இல் சமஸ்தானம் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாகாணத்துக்கு வந்தன. முதல் நான்கும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது.

மொழிக்காக நடந்த போராட்டம் அது. ஆனால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரிசிக் கணக்கு. மலைக்கு மேற்கே தேங்காயும் மிளகும் ரப்பரும் விளையும், வேண்டிய அளவு நெல் விளையாது. திருவிதாங்கூர் பெருமளவு பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தார்கள். நெல் விளைகிற கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்கே அரிசி போகாமல் தடுப்பதும், தடுத்தாலும் அது போய்க்கொண்டே இருப்பதும் அன்றிலிருந்து இந்தக் கணவாயின் தொழில். ரேஷன் அரிசி கடத்தல் பிடிபட்ட செய்தி புளியரை என்ற பெயரோடு நாளிதழில் இன்றைக்கும் வருகிறது.

சேலத்துக்காரனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "பழைய பார்டர்டா" என்றேன். அவன் "அப்ப ஓல்டு பார்டர் பரோட்டான்னுல்ல போடணும்" என்றான்.

*

அரிசிக்காக எல்லையில் ஆள் நிற்க வைத்த ஊரில் பரோட்டா எப்படி ராஜா ஆனது? பரோட்டா மைதாவில் செய்வது. மைதா கோதுமையிலிருந்து வருவது. கோதுமை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை.

என் தாத்தா காலத்தில் கோதுமை என்பது அரிசி இல்லாதபோது ரேஷனில் தள்ளிவிடுகிற சாமான். இரண்டாம் உலகப்போரின்போது ரேஷன் வந்தது. 1946இல் நாடு முழுக்கத் தானியப் பங்கீட்டை ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அவுன்ஸாகக் குறைத்தார்கள். 340 கிராம். 1952இல் ராஜாஜி முதலமைச்சராக வந்ததும் சென்னை மாகாணத்தில் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் என்னவோ கட்டுப்பாட்டைக் கேட்டு வருவதில்லை. 1956இல் அமெரிக்காவுடன் பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவில் மிஞ்சிய கோதுமையை ரூபாய்க்கே வாங்கிக்கொள்ளலாம். கப்பல் கப்பலாக வந்தது. 1965இலும் 1966இலும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து இறங்கியது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மாதக்கணக்கில் எண்ணி எண்ணி விட்டார். அந்தப் பக்கம் அவரோடு பேச வேண்டியிருந்தவர் ஒரு தமிழர், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். அவர்தான் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையைத் தருவித்துப் பசுமைப் புரட்சிக்கு வழி திறந்தார்.

அதற்கு முந்தைய வருடம், 1965இல், பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். திங்கள் இரவு ஹோட்டல்களும் அடுப்பை அணைத்தன. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. காங்கிரஸ் தோற்றதற்கு இந்தியும் காரணம், அரிசியும் காரணம். அண்ணா பதவிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். எண்ணி, அளந்து, கார்டில் குறித்துச் சாப்பிட்ட இருபத்தைந்து வருடங்கள் என்று இதைச் சுருக்கலாம்.

அந்த இருபத்தைந்து வருடங்களில்தான் கோதுமையும் மைதாவும் அரிசிச் சோற்று ஜனங்களின் நாக்குக்குப் பழகின. வீட்டில் சப்பாத்தி தேய்க்கத் தெரியாது. ரவை உப்புமா கிளறினார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், சபித்தார்கள். கடைக்காரர்களோ அந்த மாவில் எண்ணெயை ஊற்றி, அடித்து, ஊறவைத்து, வீசி, சுருட்டி, கல்லில் போட்டார்கள். லாரி டிரைவர்களும் சுமை தூக்குகிறவர்களும் இரவுக்காட்சி முடிந்து வருகிறவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சால்னா ஊற்றிப் பிய்த்துப் போட்டால் நான்கில் வயிறு நிற்கும், விடியும்வரை தாங்கும். இந்த மலையடிவாரத்தில் மரம் ஏற்றி இறக்குகிறவர்களும் கணவாய் ஏறப்போகிற லாரிகளும் இருக்கும்போது பரோட்டாக் கல் காய்ந்துகொண்டே இருக்காமல் என்ன செய்யும்?

*

அந்தக் கடையின் பெயர் வேண்டாம். கல் வாசலிலேயே இருந்தது. மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். பந்தயம் என்று சொன்னதும் சிரிக்கவில்லை. "இந்தப் படம் வந்ததுலேர்ந்து வாரத்துக்கு ஒரு குரூப் இப்படி வருது" என்றார்.

'வெண்ணிலா கபடிகுழு' 2009 ஜனவரியில் வந்தது. சுசீந்திரனின் முதல் படம். சூரிக்குப் 'பரோட்டா சூரி' என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். கடைக்காரர் 50 பரோட்டாவுக்குப் போட்டி வைக்கிறார், பரோட்டாவுக்கு ஒன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வருகிறார். எண்ணிக்கையில் கடைக்காரர் தில்லுமுல்லு செய்யப் பார்க்கும்போது சூரி, எல்லாக் கோட்டையும் அழிக்கச் சொல்லி, முதலிலிருந்து தின்கிறேன் என்கிறார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கடைகள் நிஜமாகவே போட்டி வைத்தன.

இந்த மாதிரிப் போட்டிகளுக்கு அமெரிக்கா தலைநகரம். டெக்சாஸில் பிக் டெக்சன் என்கிற ஸ்டேக் கடை 1960இலிருந்து நடக்கிறது. 72 அவுன்ஸ் மாட்டுக்கறி, கூட ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடித்தால் காசு வேண்டாம். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஜூலை 4 அன்று ஹாட் டாக் போட்டி. 1916இல் தொடங்கியது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்துக்காக நாங்கள் கட்டிய கதை அது என்று விளம்பரக்காரரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அங்கே 2001இல் ஜப்பானிலிருந்து கோபயாஷி என்ற ஒல்லிப் பையன் வந்தான். அதுவரை சாதனை 12 நிமிடத்தில் 25 சொச்சம். அவன் 50 தின்றான். இரண்டாக உடைத்து, பன்னைத் தண்ணீரில் முக்கி, அப்படியே விழுங்கினான். எண் பலகையில் அட்டை தீர்ந்துபோய் கையால் எழுதிக் காட்டினார்கள்.

ஐம்பது என்ற எண் இரண்டு இடத்திலும் வருவது தற்செயல்தான். இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல. அமெரிக்கப் போட்டி 'எங்களிடம் இவ்வளவு மிச்சம் இருக்கிறது' என்று காட்டுவது. அதே மிச்சம்தான் கப்பலில் ஏறி நம் ரேஷன் கடைக்கு வந்தது. சூரியின் காட்சியில் கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறோம், அளந்து கொடுக்கிற கை தோற்கிறது என்பதால். அதில் பழைய பகை ஒன்று தீர்கிறது. 1957இல் 'மாயா பஜார்' வந்தபோது, ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண வீட்டுச் சமையலையெல்லாம் தனியாளாகத் தின்று தீர்ப்பதைப் பார்த்துக் கொட்டகை அதிர்ந்தது. ரேஷன் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் அவர்கள். இன்னும் பழையது வேண்டுமானால் பொருநராற்றுப்படை. கரிகாலன் இரவும் பகலும் கறி கொடுத்தான், மென்று மென்று கொல்லை உழுத கொழு மாதிரிப் பல்லே தேய்ந்துபோனது என்று அந்தப் பொருநன் சொல்கிறான். அதற்கு முன்னால் எத்தனை நாள் பட்டினி கிடந்தவன் அப்படிச் சொல்லுவான் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மாப்ள ஆரம்பித்தான்.

பார்டர் பரோட்டா சின்னது, ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும். எண்ணெயோடு ஒன்றுக்கு 200 கலோரி என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். கோடு போடுகிறவனுக்கு வேறு வேலை இல்லையே, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஆறு எட்டு நிமிடத்தில் முடிந்தது. ஆறு பரோட்டா, 1200 கலோரி. 1946இல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரசாங்கம் அளந்த 12 அவுன்ஸ் தானியத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் கலோரி. பன்னிரண்டாவது கோட்டைப் போடும்போது 2400. வறுமைக்கோடு என்று 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு ஒன்று வரையறுத்தது இந்த எண்ணை வைத்துத்தான். கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100. அதை வாங்க எவ்வளவு காசு வேண்டுமோ அது கோடு. மாப்ள 17 நிமிடத்தில் வறுமைக்கோட்டைத் தாண்டினான் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கூட வைத்தேன். நல்ல ஜோக்காகத் தெரிந்தது.

பக்கத்து மேஜைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து நின்றார்கள். இரண்டு மூன்று போன்கள் வீடியோ எடுத்தன. இடது கையில் என்னுடையதும் இருந்தது. "மாப்ள மாப்ள" என்று சேலத்துக்காரன் மேஜையைத் தட்டினான். அவன் பிய்த்து, சால்னாவில் முக்கி, மெல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தான். கோபயாஷி பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது.

பதினேழாவதில் கை நின்றது.

முதலில் சிரித்தோம். தோற்கப்போகிறான் என்று நினைத்தோம். அவன் கழுத்தைப் பிடித்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் கறுத்துச் சிவந்தது. நான் அந்தக் கோட்டைப் போட்டு முடித்தேன். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அவன் மூச்சுக்குத் தவிக்கிற அந்த இரண்டு மூன்று விநாடியில் நான் பேனாவால் பதினேழாவது கோட்டைப் போட்டேன். போன் ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்டர்தான் கல்லை விட்டு வந்தார். எண்ணெய்க் கையோடு அவனை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடியில் ஒரு கவளம் வெளியே வந்து விழுந்தது. மாப்ள இழுத்த மூச்சின் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஏ தம்பி, நான் ஒவ்வொண்ணா வீசுதேன், நீ ஒவ்வொண்ணா தின்னு. அது என்ன வெறி?" என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. கல்லுக்குத் திரும்பிப் போனார்.

2024 ஓணத்தின்போது, இதே மலைத்தொடரின் இன்னொரு கணவாயில், வாளையாறு பக்கத்தில், இட்லி தின்னும் போட்டியில் ஒருவர் தொண்டையில் இட்லி அடைத்து இறந்துபோனார். லாரி டிரைவர். அதுவும் எல்லை ஊர்தான். அந்தச் செய்தியை அப்போது போனில் படித்துவிட்டு மேலே தள்ளிவிட்டிருக்கிறேன்.

*

ராத்திரி அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. மற்றவர்கள் தூங்கியபிறகு மாப்ள வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எங்கடா பழகின இப்படி வேகமா திங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வீட்லதான்."

தொண்டை கட்டியிருந்தது. மெதுவாகச் சொன்னான். அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றுகிறவர்கள். ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு மடியில் முறம். இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனியில் எண்ணி வாங்குவார்கள். சரியில்லை என்று கழித்துப்போடுவது போக மிச்சத்துக்குக் கணக்கு. சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி அப்பா பரோட்டாப் பொட்டலம் வாங்கிவருவார். வீட்டில் ஏழு பேர். எட்டு பரோட்டா.

"ஆளுக்கு ஒண்ணு. எட்டாவதை ஆச்சி பாதியாப் பிய்க்கும். முதல்ல தட்டைக் காலி பண்ற ரெண்டு பிள்ளைக்கு ஆளுக்குப் பாதி. அதான் ரூல்." கொஞ்சம் சிரித்தான். "நான் ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்ல. என் தங்கச்சிக்கு ஒரு தடவைகூட கிடைச்சதில்ல. அவ மெதுவாத்தான் திம்பா."

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபிறகு பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு இருந்தது. நாங்கள் பஞ்சம் பார்த்ததில்லை, ரேஷன் கடை க்யூவில் விளையாட்டாகத்தான் நின்றிருக்கிறோம். நான் இதுவரை எழுதிய பர்மா கப்பலும் பி.எல். 480உம் மூன்று படி அரிசியும் எனக்குப் புத்தகத்தில் வாசித்த விஷயங்கள். அவனுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவன் தொண்டை மட்டும் அந்த எட்டாவது பரோட்டாவை மறக்கவில்லை. பசி தீர்ந்தபிறகும் வேகம் மிச்சமிருக்கிறது. அதை நாங்கள் திறமை என்று நினைத்துப் பந்தயம் கட்டினோம்.

"வீடியோவ அழிச்சிட்டேன்" என்றேன்.

"சேலத்தான் எடுத்தது?"

"அவனும் அழிச்சிட்டான்."

"நோட்டு?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஐந்தைந்தாகக் கட்டிய மூன்று கட்டும், தனியாக இரண்டு கோடும்.

மறுநாள் காலை இலஞ்சியில் ஒரு சின்ன இட்லிக் கடை. பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்கார அக்கா இட்லி வைத்துக்கொண்டே போனார், சாம்பார் ஊற்றிக்கொண்டே போனார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில் கணக்கு அப்படித்தான். கை கழுவிவிட்டு வந்தபின் அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்ல வேண்டும். சொன்னதுதான் கணக்கு.

மாப்ள ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டான். எல்லோரும் முடித்து எழுந்தபிறகும் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் வெளியே சைக்கிள் பக்கத்தில் காத்திருந்தோம். அன்றைக்குப் புளியரை வரைக்கும் மறுபடியும் எதிர்காற்று. முதல் ஐந்து கிலோமீட்டர் நான் முன்னால் போவதாகச் சொல்லியிருந்தேன்.

"எத்தனை தம்பி சாப்ட்டீங்க?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது.

"நாலு" என்றான்.

எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை.